கேள்வி–பதில்: கதவு மாட்யூலிடமிருந்து பதில் இல்லை

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, கார் கதவுக்குள் இருக்கும் மின்னணு மாட்யூல் (கதவின் மின்வேலைகளை இயக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி) மற்ற மாட்யூல்களுடன் தொடர்பை இழப்பது பற்றியவை. எனவே இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: ஐயா, எங்களிடம் இருப்பது 2011ஆம் ஆண்டு வாங்கிய ஐரோப்பிய டீசல் செடான். சில வாரங்களாக ஓட்டுநர் பக்கக் கதவில் பவர் விண்டோ, பக்கக் கண்ணாடியைத் திருப்பும் சுவிட்ச், சென்ட்ரல் லாக் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுவிடுகின்றன. கதவை ஒருமுறை திறந்து சாத்தினால் சில சமயம் மூன்றும் ஒன்றாக உயிர்பெறுகின்றன. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தபோது 01331 என்ற குறியீடும், ‘ஓட்டுநர் பக்கக் கதவு மாட்யூல், தொடர்பு இல்லை’ என்ற வாசகமும் வந்தன. மாட்யூல் போய்விட்டது, புதியது போட வேண்டும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம். மாட்யூல் பழுதாகியிருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் வேறு இடத்தைக் காட்டுகின்றன.

முதலில் அந்தக் குறியீட்டை யார் எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி குடும்பத்து வண்டிகளில் 01331 முதல் 01334 வரையிலான குறியீடுகள் நான்கு கதவு மாட்யூல்களைக் குறிப்பவை. 01331 ஓட்டுநர் கதவு, 01332 பக்கத்து இருக்கைக் கதவு, மற்ற இரண்டும் பின்கதவுகள். தொடர்பு இல்லை என்ற செய்தியைப் பதிவு செய்வது கதவு மாட்யூல் அல்ல. அதன் செய்திக்காகக் காத்திருந்து ஏமாந்த இன்னொரு மாட்யூல்தான். தொலைபேசியில் அழைத்தபோது எதிர்முனை எடுக்கவில்லை என்பதற்கு மேல் அதில் தகவல் எதுவும் இல்லை. எடுக்காதவர் வீட்டில் இல்லையா, கம்பி அறுந்திருக்கிறதா என்பது அந்தச் செய்தியிலிருந்து தெரியாது. மாட்யூலுக்கு மின்சாரம் போகாவிட்டாலும், எர்த் விட்டுப்போனாலும், தகவல் ஒயர் அறுந்தாலும், மாட்யூலே எரிந்துபோனாலும் வருவது இதே ஒரு குறியீடுதான். ஆகவே குறியீட்டை மட்டும் வைத்து மாட்யூலை மாற்றுவது, நான்கு காரணங்களில் விலை அதிகமான ஒன்றை முதலில் தேர்ந்தெடுப்பதாகும்.

அடுத்து, மூன்றும் ஒன்றாக நிற்பதும் ஒன்றாக உயிர்பெறுவதும். பழைய வண்டிகளில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் தனித்தனி ஒயர் கதவுக்குள் போகும். ஒன்று அறுந்தால் ஒரு வேலை மட்டும் நிற்கும். மாட்யூல் வந்த பிறகு கதவுக்குள் போக வேண்டிய முக்கியமான ஒயர்கள் மிகச் சிலவாகக் குறைந்துவிட்டன: மின்சாரம், எர்த், இரண்டு தகவல் ஒயர்கள். கண்ணாடி மோட்டார், பூட்டு, பக்கக் கண்ணாடி ஆகிய அனைத்தும் அந்த மாட்யூலிலிருந்தே இயங்குகின்றன. எனவே மூன்று மோட்டார்களும் ஒரே நாளில் கெட்டுவிட்டன என்று யாரும் கருத வேண்டியதில்லை. மாட்யூலுக்கு வரும் ஏதோ ஒன்று விட்டுவிட்டு வருகிறது. கதவை அசைத்தால் சரியாகிறது என்பதால் அந்த ஏதோ ஒன்று, கதவு அசையும்போது வளையும் இடத்தில், அதாவது முன் தூணுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள கருப்பு ரப்பர் உறைக்குள் இருக்கிறது என்று சந்தேகிப்பதற்குப் போதிய காரணம் உண்டு. பத்து ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளில் இது மிகச் சாதாரணமாகக் காணப்படும் பழுது.

இன்னும் ஒரு சின்னச் சோதனையை நீங்களே செய்யலாம். கோளாறு இருக்கும் நேரத்தில் பின்னால் இருப்பவரை அவருடைய கதவிலுள்ள சுவிட்சை அழுத்தச் சொல்லுங்கள். அந்தக் கண்ணாடி அங்கிருந்து இறங்குகிறது, ஆனால் ஓட்டுநர் பக்கச் சுவிட்சிலிருந்து இறங்கவில்லை என்றால், மற்ற கதவுகளும் அவற்றுக்கு இடையிலான தொடர்பும் நலமாக உள்ளன. ஓட்டுநர் கதவு மட்டுமே மாட்யூல்களின் தொடர்பு வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்கிறது.

எலக்ட்ரீஷியனிடம் போகும்போது இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி மின்னழுத்தத்தை முதலில் அளக்க வேண்டும். பலவீனமான பேட்டரியுள்ள வண்டி ஸ்டார்ட் ஆகும்போது மின்னழுத்தம் மிகவும் இறங்குவதால், தொடர்பு இழந்ததாகப் பொய்க் குறியீடுகள் பல மாட்யூல்களிலும் சேர்ந்துவிடும். எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு, அழித்து, மறுபடியும் ஸ்கேன் செய்து, திரும்பி வருவதை மட்டுமே நம்ப வேண்டும். பிறகு பியூஸ்களைப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் கதவு மாட்யூலின் மின்னணுப் பகுதிக்கு ஒரு பியூஸும் கண்ணாடி மோட்டாருக்கு வேறொரு பியூஸும் இருக்கும். ஒன்று நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது.

அதன் பின்னரே ரப்பர் உறை. அதன் இரு முனைகளையும் விடுவித்துப் பின்னுக்கு இழுத்தால் ஒயர்க் கற்றை தெரியும். மேற்பார்வைக்கு எல்லாம் முழுமையாகவே இருக்கலாம். ஏனென்றால் பல நேரங்களில் உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தாலும் வெளியே பிளாஸ்டிக் உறை அறுபடுவதில்லை. ஒவ்வொரு ஒயரையும் இரு விரல்களால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல ஒயர் விறைப்பாக நிற்கும். உள்ளே அறுந்த ஒயர் அந்த இடத்தில் ரப்பர் போல நீளும் அல்லது துவண்டு மடியும். ஜெர்மானிய வண்டிகளில் பழுப்பு நிற ஒயர் எர்த். மேற்சொன்ன குடும்பத்தின் அக்காலத்து வண்டிகளில், ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருக்கும் இரண்டு ஆரஞ்சு ஒயர்கள்தான் தகவல் ஒயர்கள்: மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் கேன் என்ற முறையில் பச்சைக் கோடு உள்ளது கேன்-ஹை, பழுப்புக் கோடு உள்ளது கேன்-லோ.

மின்சாரத்தைச் சோதிக்கும்போது மல்டிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும், காரணம் அது அளப்பதற்காக எடுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களை இணைத்து, கழற்றிய கனெக்டரில் மாட்யூலின் மின்சார முனைக்கும் மாட்யூலின் எர்த் முனைக்கும் நடுவே வைத்துப் பார்க்க வேண்டும். எர்த்துக்குப் பதிலாகக் கதவுத் தகட்டைத் தொட்டால் எர்த் ஒயரின் குறை தெரியாமல் போய்விடும். அந்தப் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். அது பளிச்சென்று எரிந்தபடியே கதவை முழுதும் திறந்து மூடும்போது ஒளி மங்காமல் இருந்தால் மின்சாரமும் எர்த்தும் குற்றமற்றவை. மங்கினாலோ துடித்தாலோ பழுது கிடைத்துவிட்டது.

நான் மின்சாரத்தையும் எர்த்தையும் தகவல் ஒயர்களுக்கு முன்னால் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காலத்து வண்டிகளின் கதவுகளை இணைக்கும் கேன் பஸ் (அதாவது அந்த இரட்டைத் தகவல் ஒயர்), ஒரு ஒயர் அறுந்தாலும் மற்றொன்றை வைத்துத் தொடர்ந்து இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது. வேகம் நொடிக்கு 100 கிலோபிட். அதில் ஒற்றை ஒயர் அறுந்தால் ‘ஒற்றை ஒயர் இயக்கம்’ என்ற பொருளில் வேறு குறியீடுதான் வரும், கதவு வழக்கம்போல் வேலை செய்யும். கதவு முழுவதும் ஊமையாகிவிட்டது என்றால், இரண்டு தகவல் ஒயர்களும் ஒரே கணத்தில் விட்டுப்போயின என்பதைவிட மின்சாரமோ எர்த்தோ விட்டுப்போனது என்பதே நம்பத்தக்கது.

சரிசெய்யும் முறையும் முக்கியம். அறுந்த இடத்திலேயே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் அல்லது சால்டர் வைத்தால், அந்த இடம் விறைத்து, அதற்கு அடுத்த இடத்தில் விரைவில் மறுபடியும் அறுந்துவிடும். வளையும் பகுதியின் இரு புறமும் தாண்டி, ஒருபுறம் கதவுக்குள்ளும் மறுபுறம் வண்டிக்குள்ளும் வெட்டி, அதே தடிமனுள்ள வளையும் தன்மையுடைய புது ஒயரை உறை முழுவதற்கும் போட்டு, இணைப்புகளை ஒரே இடத்தில் குவிக்காமல் முன்பின்னாக வைத்து, சூடேற்றினால் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். தகவல் ஒயர்களை முன்போலவே ஒன்றோடொன்று முறுக்கிவிட வேண்டும். ஒரு எச்சரிக்கை: கதவில் ஏர்பேகுக்கான உணரி இருக்கலாம், மஞ்சள் கனெக்டர் எதையும் பேட்டரியைக் கழற்றாமல் தொடவோ, மல்டிமீட்டரால் ஓம் அளக்கவோ கூடாது.

இவ்வளவும் பார்த்து, கனெக்டர் வரை மின்சாரம், எர்த், தகவல் மூன்றும் ஒழுங்காக வந்தும் மாட்யூல் பதில் சொல்லவில்லை என்றால், அப்போது ஒர்க்‌ஷாப் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கைபேசியுடன் புளூடூத்தில் இணையும் மலிவான ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். என் காரின் வலது முன்கதவு இயங்காத நேரத்திலும் அது ‘பிழை எதுவும் இல்லை’ என்கிறது. கருவி பழுதா?
– வாசகர், ஈரோடு

பதில்: கருவி பழுதாக இருக்க வேண்டியதில்லை, நீங்கள் அதனிடம் கேட்பது அதன் வேலை அல்ல. இத்தகைய கருவிகளோடு வரும் பொதுவான செயலிகள், புகை மாசுக்குத் தொடர்புடைய என்ஜின் குறியீடுகளைப் படிப்பதற்கென்று உருவானவை. கதவு மாட்யூலை எட்டுவதற்கு அந்தந்த நிறுவனத்தின் மொழி தெரிந்த ஸ்கேனரோ செயலியோ வேண்டும். சில வண்டிகளில் கம்பியே வேறு: ஃபோர்டு தயாரிப்புகள் பலவற்றில் என்ஜின் தொடர்பான கேன் பஸ் ஸ்கேனரைச் செருகும் 16 முனை சாக்கெட்டின் 6, 14ஆம் முனைகளிலும், கதவு முதலான உடற்பகுதி மாட்யூல்களுக்கான நடுத்தர வேக கேன் பஸ் 3, 11ஆம் முனைகளிலும் வருகின்றன. சாதாரணக் கருவி பின்னதைத் தொடுவதே இல்லை.

சரியான ஸ்கேனர் கிடைத்ததும், எல்லா மாட்யூல்களையும் ஒருமுறை முழுதாக ஸ்கேன் செய்து பட்டியலை எடுத்து வையுங்கள். ‘யு’ என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடுகள் தொடர்பு வலை சார்ந்தவை. யு0199, யு0200, யு0201, யு0202 ஆகியவை முறையே ஏ, பி, சி, டி எனப் பெயரிடப்பட்ட கதவு மாட்யூல்களுடன் தொடர்பு அற்றுப்போனதைச் சொல்கின்றன. ஏ எந்தக் கதவு என்பதை நிறுவனத்தின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டீயரிங் இடப்புறம் இருக்கும் நாடுகளுக்காக வரைந்த ஒயரிங் படத்தை வைத்துக்கொண்டு நம் ஊர் வண்டியில் தவறான கதவின் டோர் பேடை (உட்புற மூடியை)க் கழற்றுவது நடக்கக்கூடியதுதான்.

கேள்வி: நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகனப் பிரிவில் படிக்கிறேன். பயிற்சிக்குப் போகும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த வண்டியொன்றில் ஒரு கதவு மாட்யூல் மட்டும் தொடர்பில் இல்லை. 6, 14ஆம் முனைகளுக்கு நடுவே 60 ஓம் கிடைத்தது. ஒயரிங் நன்றாக இருக்கிறது, எனவே மாட்யூல்தான் பழுது என்று முடிவு செய்தேன். சரியா?
– மாணவர், திருச்சி

பதில்: அளந்தது சரி. முடிவு அந்த அளவிலிருந்து பிறக்கவில்லை.

பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் முறையின் அதிவேக வடிவத்தில், பிரதான இரட்டை ஒயரின் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால் 60 ஓம் வருகிறது. 120 வந்தால் ஒரு கோடி துண்டிக்கப்பட்டிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயர்களும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பேட்டரியைக் கழற்றிய பிறகே இதை அளக்க வேண்டும். ஆனால் கதவு மாட்யூல் பெரும்பாலும் கோடியில் இருப்பதில்லை. பிரதான ஒயரிலிருந்து பிரியும் ஒரு கிளையில் தொங்குகிறது. அந்தக் கிளையை நீங்கள் கத்தரியால் வெட்டினாலும் உங்கள் மீட்டர் 60 என்றே சொல்லும். பல வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம்: நீங்கள் சாக்கெட்டில் அளந்தது கேட்வே மாட்யூலுக்கு (ஒரு பஸ்ஸின் செய்தியை மற்றொன்றுக்குக் கடத்தும் மாட்யூல்) முன்னால் உள்ள துண்டு மட்டுமே, கதவுகள் இருப்பது அதற்குப் பின்னால் வேறொரு பஸ்ஸில்.

ஆகவே கதவின் கனெக்டரிலேயே அளக்க வேண்டும். அங்கே அதிவேக கேன் என்றால், பேச்சு இல்லாதபோது இரு ஒயர்களிலும் 2.5 வோல்ட், பேசும்போது ஒன்று 3.5க்கு ஏறி மற்றொன்று 1.5க்கு இறங்கும், ஓம் அளந்தாலும் அந்தக் கிளை முழுமையாக இருந்தால் 60 வரும், ஒரு ஒயர் அறுந்திருந்தால் வராது. முதல் கேள்வியில் வந்த பழுது தாங்கும் வகை என்றால் கணக்கே வேறு. அதில் ஓய்வு நிலையில் கேன்-ஹை பூஜ்யத்திலும் கேன்-லோ 5 வோல்ட்டிலும் இருக்கும், வண்டி உறங்கியபின் கேன்-லோ பேட்டரி மின்னழுத்தத்துக்கே ஏறிவிடும், மின்தடைகள் மாட்யூல்களுக்குள் பிரித்து வைக்கப்பட்டிருப்பதால் 60 ஓம் விதி அங்கே செல்லாது. எந்த வகை என்று தெரியாமல் மீட்டரை எடுக்க வேண்டாம். மின்னழுத்தம் மாறுவதைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் மேலும் நல்லது. மீட்டர் காட்டுவது சராசரி மட்டுமே.

ஒரு கதவு மட்டும் அன்றி அந்தப் பஸ்ஸில் உள்ள எல்லா மாட்யூல்களும் காணாமல் போயிருந்தால், அணுகுமுறையைத் தலைகீழாக்குங்கள். ஒவ்வொரு கதவின் கனெக்டராகக் கழற்றிக்கொண்டே வந்து, எதைக் கழற்றியதும் மற்றவை திரும்பி வருகின்றன என்று பாருங்கள்.

கேள்வி: இடது பின்கதவு மட்டும் பதில் சொல்லவில்லை. முன்கதவில் எந்தக் குறையும் இல்லை. பின்கதவில் கேன் ஒயர்களையே காணோமே?
– வாசகர், மதுரை

பதில்: இருக்காது. பல வண்டிகளில் பின்கதவு மாட்யூல், அதே பக்க முன்கதவு மாட்யூலுக்குக் கீழ்ப்பட்டதாக, லின் எனப்படும் ஒற்றை ஒயரால் இணைக்கப்பட்டிருக்கும். அதன் வேகம் அதிகபட்சம் நொடிக்கு 20 கிலோபிட். முன்கதவு கேட்டால்தான் பின்கதவு பதில் சொல்லும், தானாகப் பேசாது. எனவே முன்கதவும் பின்கதவும் சேர்ந்து காணாமல் போனால் முன்கதவைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு நேர்ந்திருப்பது போலப் பின்கதவு மட்டும் போனால் நடுத் தூணில் உள்ள ரப்பர் உறையையும், அந்தக் கதவின் மின்சாரம், எர்த் இரண்டையும் பார்க்க வேண்டும். லின் ஒயர் ஓய்வில் பேட்டரி மின்னழுத்தத்தை ஒட்டி நிற்கும், பேச்சு நடக்கும்போது மீட்டரில் அதைவிடக் குறைந்து ஆடும். பூஜ்யத்தில் கிடந்தால் எங்கோ உடற்தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

கேள்வி: மழை பெய்த மறுநாள் மட்டும் இந்தக் கோளாறு வருகிறது, வெயில் அடித்தால் தானாகச் சரியாகிவிடுகிறது. புது ஸ்பீக்கர் போட்டதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?
– வாசகர், சென்னை

பதில்: நிச்சயமாக இருக்கலாம். கண்ணாடியை ஒட்டி வடியும் மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு; அது கீழ்விளிம்பில் உள்ள துளைகள் வழியாக வெளியேற வேண்டும், டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாள் அது உள்பக்கம் வராமல் தடுக்க வேண்டும். ஸ்பீக்கர் போடுபவர்கள் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே மூடுவது வழக்கம். பிறகு நீர் ஒயர் வழியாக வழிந்து கனெக்டருக்குள் இறங்குகிறது. கதவின் அடித்துளைகளை மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் சுத்தம் செய்து, தாளை அதற்கான பிசினால் முழுச் சுற்றும் ஒட்டச் சொல்லுங்கள். கனெக்டர் முனைகளில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் போதும். மாட்யூலைத் திறந்து உள்ளே மின்சுற்றுப் பலகையிலும் பச்சை இருந்தால், இன்று வேலை செய்தாலும் அதை மாற்றிவிடுவதே நல்லது.

கேள்வி: மாட்யூல் உண்மையிலேயே போய்விட்டது, சோதித்துப் பார்த்தாகிவிட்டது. புதுப்பேட்டையில் பழையது கிடைக்கிறது. போடலாமா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: போடலாம், பாக எண் கடைசி எழுத்து வரை பொருந்துமானால். வெளித்தோற்றத்தில் ஒன்றே போல இருக்கும் இரண்டு மாட்யூல்களில், ஒன்று மடங்கும் பக்கக் கண்ணாடிக்கு ஏற்றதாகவும் மற்றொன்று அவ்வசதி இல்லாததாகவும் இருக்கக்கூடும். கழற்றுவதற்கு முன் பழைய மாட்யூலின் கோடிங்கை (வண்டியின் வசதிகளுக்கேற்ப அதில் எழுதப்பட்ட அமைப்பை) ஸ்கேனரில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது பதிலே சொல்லாத நிலையில் இருந்தால், முன்பு எப்போதாவது எடுத்த ஸ்கேன் அறிக்கை உங்களிடமோ ஒர்க்‌ஷாப்பிலோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் வண்டியின் வசதிகளைப் பார்த்துப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். பொருத்திய பின் கண்ணாடியை முழுவதும் ஏற்றி, சுவிட்சைச் சில நொடிகள் விடாமல் பிடித்து மேல் எல்லையைப் பதிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாதவரை ஒரே அழுத்தத்தில் ஏறும் வசதியும், கை சிக்கினால் கண்ணாடி திரும்பி இறங்கும் பாதுகாப்பும் பல வண்டிகளில் வேலை செய்யாது. பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே அந்த மாட்யூலின் கனெக்டர் முனைகளை வெளிச்சத்தில் பாருங்கள். பச்சை தெரிந்தால் வேறொன்றைக் கேளுங்கள்.